நிலம் யார் பேரில் இருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கூப்பிட்டபோது, "விவசாயம் பத்தி ஏதாவது பேசுங்கக்கா" என்றுதான் சொன்னார்கள். விதை, உரம், பூச்சி மருந்து பற்றியெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தரணும். அதனால் இன்றைக்கு இங்கிலாந்துக்காரர்கள் கதை ஒன்று சொல்லப்போகிறேன். சிரிக்காதீங்க. கடைசியில் அது நம்ம வீட்டுப் பெட்டிக்குள்ளதான் வந்து நிற்கும்.

உங்களில் சில பேர் ஒரு வீடியோ பார்த்திருப்பீங்க. லண்டனில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு நடுவில் சின்னப் பிள்ளைகள் பொம்மை டிராக்டரை மிதித்துக்கொண்டு ஊர்வலமாகப் போகும். எங்க குழுவில் ஓர் அக்கா அதை செல்போனில் காட்டி, "இது என்ன, அவங்க ஊரு மாட்டுப்பொங்கலா?" என்று கேட்டாங்க. மாட்டுப்பொங்கல் இல்லை அக்கா, போராட்டம். 2024 நவம்பர் 19ஆம் தேதி, பிரதமர் வீட்டுக்கும் பாராளுமன்றத்துக்கும் பக்கத்தில் இருக்கிற வைட்ஹால் தெருவில் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். எல்லாரும் விவசாயக் குடும்பம். பிள்ளைகளை முன்னால் விட்டதுக்குக் காரணம், "எங்களுக்கு அப்புறம் இந்தப் பிள்ளைகளுக்கு நிலம் நிக்குமா?" என்ற கேள்விதான். அடுத்த மாதம் நிஜ டிராக்டர்களே நூற்றுக்கணக்கில் லண்டனுக்குள் வந்தன. 2025 முழுக்க இது விட்டு விட்டு நடந்தது.

என்ன பிரச்சினை என்றால், வாரிசு வரி. அந்த ஊரில் ஒருத்தர் இறந்துபோனால், அவர் விட்டுப்போன வீடு, நிலம், பணம், நகை எல்லாத்தையும் கூட்டி, 3,25,000 பவுண்டுக்கு மேல் இருக்கிறதுக்கு நூற்றுக்கு நாற்பது வரி. ஒரு பவுண்டு நம்ம பணத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்று வெச்சுக்குங்க. வரி கட்டிய பிறகுதான் சொத்து பிள்ளைக்கு முழுசாக வரும். ஆனால் விவசாய நிலத்துக்கு மட்டும் தனிச் சலுகை இருந்தது. 1992இலிருந்து, உழுகிற நிலமாக இருந்தால் பெரும்பாலும் வரியே கிடையாது. அப்பன் செத்தால் மகன், மகன் செத்தால் பேரன் என்று நிலம் அப்படியே கை மாறிக்கொண்டிருந்தது.

2024 அக்டோபர் 30ஆம் தேதி நிதி அமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பட்ஜெட் வாசித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான், அதையும் சொல்லிடறேன். 2026 ஏப்ரல் 6 முதல் பத்து லட்சம் பவுண்டு வரைக்கும்தான் விவசாயச் சொத்துக்கு முழுச் சலுகை, அதுக்கு மேல் நூற்றுக்கு இருபது வரி, பத்து வருஷத் தவணையில் வட்டி இல்லாமல் கட்டலாம் என்றார். அவர்கள் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது, விவசாயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் "இந்தச் சலுகையை மாற்றும் எண்ணம் இல்லை" என்று நில உடைமையாளர்களிடம் சொல்லியிருந்தார். ஆட்சிக்கு வந்து நாலு மாதத்தில் மாற்றினார்கள். கோபம் பாதி வரியால வந்தது, பாதி அந்த வார்த்தையால வந்தது.

இப்போ நீங்க கேட்பீங்க. பத்து லட்சம் பவுண்டு என்றால் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு சொத்து வெச்சிருக்கிறவனுக்கு என்னம்மா அழுகை? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் நம்ம குழுக் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் மனசுக்குள் போட்டுக்கிட்டே வாங்க.

ஒரு குடும்பத்துக்கு 350 ஏக்கர். அந்த ஊருக்கு அது ஜமீன் இல்லை, ஒரு குடும்பம் மிஷினை வெச்சு ஓட்டுகிற பண்ணை. அங்கே ஏக்கர் பத்தாயிரம் பவுண்டுக்குக் கிட்டப் போகிறது. அப்போ நிலம் மட்டும் 35 லட்சம் பவுண்டு. பத்து லட்சத்துக்குச் சலுகை போக மிச்சம் 25 லட்சம். அதில் நூற்றுக்கு இருபது, 5 லட்சம் பவுண்டு வரி. பத்துத் தவணை என்றால் வருஷத்துக்கு 50,000. சில்லறைச் சலுகைகளை எல்லாம் விட்டுவிட்டுத்தான் போடுகிறேன், கணக்குப் புரியணும் என்பதுக்காக.

வருமானம் எவ்வளவு? இங்கேதான் விஷயம். நிலத்தின் விலையில் நூற்றுக்கு ஒரு பங்கு வருமானம் வந்தாலே அங்கே பல பண்ணைகளில் பெரிசு. அப்போ 35 லட்சம் பவுண்டு நிலத்தில் கிடைக்கிறது 35,000. அதில்தான் சாப்பாடு, பிள்ளை படிப்பு, டிராக்டர் கடன், மாட்டுத் தீவனம். வரித் தவணை மட்டும் 50,000. வரவு 35, தவணை 50. இந்த மாதிரி ஒரு உறுப்பினருக்கு நம்ம குழுவில் கடன் கொடுப்போமா? தீர்மானமே போட மாட்டோம். அப்போ அவன் என்ன செய்வான்? ஒரு பக்கத்து வயலை விற்பான். வயல் குறைந்தால் வருமானமும் குறையும். அடுத்த தலைமுறையில் இன்னொரு வயல்.

காகிதத்தில் கோடீஸ்வரன், கையில் காசு இல்லை. நம்ம பக்கம் பைபாஸ் ரோடு வந்த ஊர்களில் இந்த ஆட்களைப் பார்த்திருப்பீங்க. நிலம் சென்ட் கணக்கில் லட்சத்துக்குப் போகும், வீட்டில் ரேஷன் அரிசி வேகும்.

நிலம் ஏன் இத்தனை விலை ஏறியது என்றும் பார்க்கணும். உழாதவன் வாங்கினதால ஏறியது. விவசாய நிலத்துக்கு வாரிசு வரி இல்லை என்றதும் பெரும் பணக்காரர்கள் வரிக்கு ஒளிகிற இடமாக நிலத்தை வாங்கிப்போட்டார்கள். தூசு உறிஞ்சுகிற மிஷின் கம்பெனி நடத்துகிற ஜேம்ஸ் டைசனுக்கு முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. போராட்ட மேடையில் நின்ற டி.வி. தொகுப்பாளர், ஜெரமி கிளார்க்சன், தான் பண்ணை வாங்கியதுக்கு அந்த வரிச் சலுகை ஒரு முக்கியக் காரணம் என்று முன்னாடி அவரே சொன்னவர். அரசாங்கம் இதைத்தான் காட்டியது. இந்தச் சலுகையால் மிச்சமான பணத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு, கேட்டவர்களில் மேல்மட்டத்து ஏழு சதவீதம் பேருக்கே போகிறது என்று கணக்கு வெளியிட்டது. வருஷத்துக்கு ஐநூறு குடும்பத்துக்குத்தான் இந்த வரி உறைக்கும் என்றும் சொன்னது. நில உடைமையாளர் சங்கமோ 70,000 பண்ணை போகும் என்றது. ஒருத்தர் ஒரு வருஷத்துச் சாவை எண்ணுகிறார், இன்னொருத்தர் என்றைக்காவது மாட்டக்கூடிய பண்ணையை எல்லாம் எண்ணுகிறார். ரெண்டு பேரும் வேற வேற கணக்கைச் சொல்லிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பொய்யன் என்றார்கள்.

டவுன்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. "என் அம்மா வீட்டுக்கு நான் நாற்பது கட்டுறேன், உடனே கட்டுறேன். இவருக்கு இருபது, பத்து வருஷத் தவணை. இதுக்குமா டிராக்டரைக் கொண்டுவந்து ரோட்டை மறிக்கணும்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதோடு, அந்த நாட்டு வயலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குத்தகைதான். குத்தகைக்காரனுக்கும் கூலியாளுக்கும் விட்டுப்போக நிலமே இல்லை. நம்மிலும் நிறையப் பேர் அந்தப் பக்கம்தான். காணி நிலம் இல்லாதவருக்கு இந்தப் போராட்டம் வேடிக்கைதான், நான் மறைக்கவில்லை. ஆனாலும் என் மனசில் பட்டதைச் சொல்றேன். ஒளிந்திருக்கிற பெரிய மீனைப் பிடிக்க விரித்த வலை, கோடு தப்பான இடத்தில் போட்டதால் நடுவில் இருக்கிற கெண்டையைப் பிடித்தது. பெரிய மீனுக்கு ஆடிட்டர் இருக்கார், வக்கீல் இருக்கார், அது வேற குளத்துக்குப் போய்விடும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அந்த ஊர்ச் சட்டத்தில் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் எழுதி வெச்சு ஏழு வருஷம் உயிரோடு இருக்கணும். அதுக்குள் இறந்தால் வரிக் கணக்கில் வந்துவிடும். எழுதிக் கொடுத்துட்டு அதே வீட்டில் சும்மா குடியிருந்தாலும், அதே நிலத்து வருமானத்தில் சாப்பிட்டாலும், கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறுபது வயசுக்காரருக்கு இது முடியும். எண்பது வயசில், நெஞ்சில் பேட்டரி வெச்சுக்கிட்டு இருக்கிறவருக்கு ஏழு வருஷத்துக்கு யார் உறுதி கொடுப்பது? இத்தனை வருஷம் "சாகிற வரைக்கும் கையில் வெச்சிரு, அதுதான் புத்திசாலித்தனம்" என்று ஆலோசனை சொன்ன அதே வக்கீல்கள் திடீரென்று "கொடுத்திடுங்க" என்றார்கள். இன்னொரு கொடுமை, 2026 ஏப்ரல் 5க்குள் இறந்தால் பழைய சட்டம், 6ஆம் தேதி இறந்தால் புதுச் சட்டம். நாம் போய்விட்டால் பிள்ளைக்கு நல்லது என்று நினைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் பிரதமரிடமே கேட்டார்கள். நம்ம வீட்டில் ஒரு தாத்தா திண்ணையில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்க.

அதோடு, பெயர் விஷயம். நான் போட்ட கணக்கைத் திரும்ப எடுங்க. 35 லட்சம் பவுண்டு நிலமும் புருஷன் பேரில் மட்டும் இருந்தது. அவருக்கு முன்னால் மனைவி இறந்துவிட்டால், அந்தம்மா பேரில் ஒன்றுமில்லை, அதனால் அந்தம்மாவுக்கு உரிய பத்து லட்சம் சலுகையும் முதலில் போட்ட திட்டப்படி வீணாகிவிடும். பாதி அந்தம்மா பேரில் இருந்து, ரெண்டு பேரும் தங்கள் தங்கள் பாதியைப் பிள்ளைக்கு எழுதியிருந்தால், இருபது லட்சம் போக 15 லட்சத்துக்குத்தான் வரி. 3 லட்சம். பேர் ஒன்று சேர்க்காததால் 2 லட்சம் பவுண்டு நஷ்டம்.

அந்த நிலத்தில் அந்தம்மா வேலை செய்யாமலா இருந்தாங்க? விடியக்காலம் மாடு கறந்தது யார், ஆட்டுக்குட்டி பிறக்கிற ராத்திரியில் லாந்தர் பிடித்தது யார், கணக்கு எழுதியது யார்? நூறு வருஷமாக யாரும் கேட்காத கேள்வியை வரி அதிகாரி வந்ததும் எல்லாரும் கேட்டார்கள். ஆடிட்டர்கள் "பத்திரத்தில் மனைவி பேரைச் சேருங்க" என்றார்கள். பாசத்தால் நடக்காதது வரியால் நடக்கப் பார்த்தது! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

வெள்ளைக்காரப் பெண்களுக்கு எல்லாம் சமமாகக் கிடைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1925 வரைக்கும் இங்கிலாந்தில் உயில் எழுதாமல் ஒருத்தர் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கு என்று சட்டமே இருந்தது. சட்டம் மாறியும் பழக்கம் போகவில்லை. நிலத்தைத் துண்டு போட்டால் பண்ணை செத்துவிடும் என்று ஒரே பிள்ளைக்கு எழுதுகிறார்கள், அந்த ஒரே பிள்ளை பெரும்பாலும் ஆண் பிள்ளை. ஸ்காட்லாந்து அரசு 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் விவசாயத்துக்குள் வருவதுக்கு இருக்கிற பெரிய தடையே இந்த மகனுக்குக் கொடுக்கிற வழக்கம்தான் என்று எழுதியிருக்கிறது. "நீ உழைம்மா, இதெல்லாம் உனக்குத்தான்" என்ற வாய்ப் பேச்சை நம்பி இருபது முப்பது வருஷம் பாடுபட்டு, உயிலில் பேர் இல்லாமல் கோர்ட்டுக்குப் போன மகன்களும் மகள்களும் அங்கே உண்டு. வாய்ச்சொல்லை நம்பி உழைத்தவரைக் கைவிடக் கூடாது என்று கோர்ட்டு சில வழக்கில் பங்கு வாங்கிக் கொடுத்தது. அதுக்குள் அப்பன் மகள் பேச்சுவார்த்தை போய்விடும், வக்கீல் பீசில் ஒரு வயல் போய்விடும்.

போராட்டம் என்ன ஆச்சு என்று சொல்லிவிடறேன். விவசாயிகள் விடவில்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டில், ஒருத்தர் பயன்படுத்தாத சலுகையைக் கணவனோ மனைவியோ சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். முன்னாடியே துணையை இழந்தவர்களுக்கும் அது உண்டு. அப்புறம் டிசம்பர் 23ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால், பத்து லட்சத்தை 25 லட்சம் பவுண்டு ஆக்கினார்கள். கணவன் மனைவி சேர்ந்து 50 லட்சம். நம்ம 350 ஏக்கர் குடும்பத்துக்கு இப்போ வரியே வராது. புருஷன் மட்டும் தனிக்கட்டை என்றால் பத்து லட்சத்துக்கு 2 லட்சம் பவுண்டு, வருஷம் 20,000. கஷ்டம்தான், ஆனால் 35இல் 20 போனால் 15 மிஞ்சும். அடியோடு ரத்து செய்யணும் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ரோட்டில் நின்றதுக்குக் கோடு பத்திலிருந்து இருபத்தஞ்சுக்கு நகர்ந்தது. டைசன் மாதிரி ஆட்களும் வரிக்குள் வந்துவிட்டார்கள். இப்படி முதலிலேயே போட்டிருந்தால் பொம்மை டிராக்டர் தெருவுக்கு வந்திருக்காது.

நம்ம நாட்டில் இந்த வரி இருந்ததா? இருந்தது. 1953இல் கொண்டுவந்தார்கள், 1985இல் எடுத்துவிட்டார்கள். இப்போ கிடையாது. ஆனால் நமக்கு வாரிசு வரி இல்லாவிட்டாலும் வாரிசுச் செலவு உண்டு. அதைத்தான் நான் அனுபவித்தேன்.

எங்க வீட்டுக்காரர் இறந்தபோது எங்களுக்கு ஒண்ணே முக்கால் ஏக்கர். கிணற்றில் பாதிப் பங்கு. பட்டா எடுத்துப் பார்த்தால் அவர் தாத்தா பேர். தாத்தா இறந்து நாற்பது வருஷம். மாமனார் மாற்றவில்லை, என் வீட்டுக்காரர் மாற்றவில்லை. "நிலம் எங்க போகப்போவுது?" என்றே ரெண்டு தலைமுறை ஓடிவிட்டது. தாத்தாவுக்கு வாரிசுச் சான்று, மாமனாருக்கு வாரிசுச் சான்று, வீட்டுக்காரருக்கு வாரிசுச் சான்று. கட்டிக்கொடுத்த அத்தைகள், அவங்க பிள்ளைகள், ஒருத்தர் பெங்களூரில், ஒருத்தர் இருக்கிற இடமே தெரியாது. ஓர் அலுவலகத்தில் ஃபைலைக் காணோம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் பயிர்க்கடன் கிடையாது, என் பேரில் சிட்டா இல்லை. வருஷம் 6,000 ரூபாய் வருகிற பி.எம். கிசான் கிடையாது. வயலில் நாற்று நட்டது நான், களை எடுத்தது நான். காகிதத்தில் நான் விவசாயி இல்லை. இந்தச் சங்கத்தில் வாங்கின உள்கடனில்தான் அந்த நாலு வருஷமும் உழவு ஓட்டினேன். அதைச் சொல்லாமல் இறங்கினால் நன்றி கெட்டவள் ஆவேன்.

நமக்குச் சட்டம் இருக்கு. தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அப்போ கல்யாணம் ஆகியிருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. 2005இல் நாடு முழுக்க வந்தபோது கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பிரிவினையும் போனது. அப்பா 2005இல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண் பேரில் பத்து லட்சம் ரூபாய் வரைக்கும் சொத்துப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு, 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கு. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துட்டா சோறு போடுவானோ மாட்டானோ என்று பயமா? கடைசி வரை பார்த்துக்கொள்ளணும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்க. அப்படி எழுதி, பார்த்துக்கொள்ளாவிட்டால், 2007ஆம் வருஷத்து முதியோர் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுத மறந்துட்டு அப்புறம் அழுதால் கஷ்டம்.

ஒரு தங்கச்சி சாயங்காலம் என்னிடம் கேட்டாள், "எங்க வீட்டுக்காரர்கிட்ட இதை எப்படிக்கா எடுக்கிறது? நான் சாகணும்னு பார்க்கிறியான்னு கேட்பாரே" என்று. கேட்பார்தான். எங்க வீட்டுக்காரரும் கேட்டிருப்பார், அதனால்தான் நானும் எடுக்கவில்லை. சாவைப் பற்றிப் பேச வேண்டாம் தங்கச்சி. "பட்டாவில் தாத்தா பேர் இருக்கு, அதனால பயிர்க்கடன் வரலை" என்று ஆரம்பி. கடன் என்றால் காது கொடுப்பார்.

நேரம் ஆகிடுச்சு, பின்னால் பாத்திரச் சத்தம் கேட்குது. போன மாதக் கூட்டத்தில் சொன்னபடி பட்டா, சிட்டா நகல் கொண்டு வந்தவங்க சாப்பிட்டுவிட்டு மேடைக்கு இடப்பக்கம் போட்டிருக்கிற மேஜைக்கு வாங்க. நிலம் இல்லாதவங்க வீட்டுமனைப் பட்டாவைக் கொண்டு வந்திருந்தால் அதையும் எடுத்துட்டு வாங்க. யார் பேரில் இருக்கு, அந்தப் பேருக்கு உரியவர் உயிரோடு இருக்காரா என்று ரெண்டே கேள்விதான். நோட்டில் எழுதிக்கலாம். ஆதார் கார்டு நகலும் ஒண்ணு வேணும், மறந்தவங்க வாசல் பக்கத்துக் கடையில் எடுத்துக்கலாம்.